முடியும் என்று சொன்னதற்காக

"நாளைக்கு அந்தம்மா வரும்போது ஸ்பூனைத் தொடாதே" என்று ஹே-ரானிடம் திங்கட்கிழமையே சொல்லிவைத்தேன்.  அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பேச நேரமாகும். ஆனால் அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவே முயலவில்லை. மனதில் வேறு எதுவோ ஓடுகிறது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

என் பெயர் போங் சுன்-ரே. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள். எண்ணூறு பிள்ளைகளுக்கு நாற்பது நிமிடத்தில் பரிமாறி முடிக்க வேண்டும். அந்த வேலையில் தோள்பட்டை தேய்ந்துபோனது. ஐம்பத்துமூன்று வயதில் ஒரு பயிற்சி எடுத்துக்கொண்டு, உடல் முடியாதவர்களுக்கு உதவியாளாக வந்தேன். அரசாங்கம் ஒவ்வொருவருக்கும் இத்தனை மணி நேரம் உதவி என்று ஒதுக்கும். நான் உள்ளே நுழைந்ததும் அவர்களுடைய கார்டை என் போனில் தட்டினால் நேரம் ஓடத் தொடங்கும். கிளம்பும்போது தட்டினால் நின்றுவிடும். ஆறு வருடமாக நான் ஹே-ரானின் கார்டைத்தான் தட்டுகிறேன்.

தக் ஹே-ரானுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கை ஒரு பக்கம் இழுக்கும், கழுத்து ஒரு பக்கம் போகும். புத்தியில் என்னைவிடப் பத்து மடங்கு கூர்மை. அவளுடைய பத்தொன்பதாவது வயதில் அம்மா இறந்தாள். அடுத்த மாதமே அண்ணன் அவளை மலையடிவாரத்திலிருந்த காப்பகத்தில் கொண்டுபோய் விட்டான். இருபத்தோரு வருடம் அங்கே இருந்தாள். வெளியே வந்தபோது நாற்பது வயது. உடல் முடியாதவர்களே நடத்தும் எங்கள் ஊர் மையம் ஒன்று அவளுக்கு வீடு பார்த்துக் கொடுத்து, உதவி நேரத்துக்கும் எழுதிப்போட்டது. நாளுக்குப் பதினாறு மணி நேரம் கிடைத்தது. பாதி அரசாங்கம் தருவது, பாதி எங்கள் நகராட்சி தருவது. காலை ஏழிலிருந்து மூன்று வரை நான். மூன்றிலிருந்து பதினொன்று வரை யோம் என்ற இன்னொரு பெண்.

அந்த ஸ்பூன் சங்கதியைச் சொல்ல வேண்டும். காப்பகத்தில் சோறு, சூப், கிம்ச்சி ஊறுகாய், மீன் எல்லாவற்றையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக் கலக்கி, ஆளுக்கு ஏழு நிமிடம் என்று ஊட்டுவார்களாம். மென்று முடிப்பதற்குள் அடுத்த வாய் வந்துவிடுமாம். வெளியே வந்த முதல் நாள் நான் தட்டுகளைத் தனித்தனியாக வைத்தபோது ஹே-ரான் கொஞ்ச நேரம் எதையுமே சாப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், தானே எடுத்துச் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கைப்பிடி வளைந்த ஒரு ஸ்பூன் வாங்கினோம். முழங்கையை மேசையில் அழுத்தி, நாடியைத் தாழ்த்தி, சிந்தி, சிதறி, அழுது, இரண்டு வருடம் பழகினாள். ஒரு பிறந்தநாளன்று, அந்த நாளில் வழக்கமாகக் குடிக்கும் கடற்பாசி சூப்பை யார் உதவியும் இல்லாமல் பாதிக் கிண்ணம் குடித்தாள். அன்றைக்கு நானும் யோமும் கைதட்டினோம். ஆனால் தினமும் அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது. மையத்தில் அவளுக்கு வேலை இருந்தது. காப்பகங்களிலிருந்து வெளியே வர நினைப்பவர்களோடு பேசி, வழி சொல்லும் வேலை. அதனால் தினப்படிக்கு நான் ஊட்டிவிடுவேன். எப்போதாவது மனது வந்தால் ஸ்பூனை எடுப்பாள்.

மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு, முடியும் என்று எதைச் சொன்னாலும் உதவி நேரம் குறையலாம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு கூ என்ற அலுவலர் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. செருப்பைக் கழற்றி நேராக வைத்துவிட்டு, பணிவாகத்தான் உட்கார்ந்தாள். படுக்கையில் புரள முடியுமா, உடை மாற்ற முடியுமா, போனை எடுக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டே போனாள். ஹே-ரான் முடியாது, முடியாது என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது. நான் சமையல் மேடையைத் துடைப்பதுபோல் நின்று, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சாப்பாடு நீங்களே எடுத்துச் சாப்பிட முடியுமா?"

ஹே-ரான் என்னைப் பார்த்தாள். நான் தலையை மெல்ல ஆட்டினேன், வேண்டாம் என்று.

"முடியும்" என்றாள்.

கூ பேனாவை நிறுத்திவிட்டு, செய்து காட்ட முடியுமா என்று கேட்டாள். மேசையில் காலை மிச்சமாக ஒரு கிண்ணத்தில் தயிர் இருந்தது. ஹே-ரான் வளைந்த ஸ்பூனை எடுத்தாள். ஒரு வாய். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. ஆறு வருடத்தில் அவள் அவ்வளவு சுத்தமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. கூ சிரித்து, நன்றாகச் செய்கிறீர்களே என்று சொல்லிப் படிவத்தில் ஒரு கட்டத்தில் குறி போட்டாள். எவ்வளவு நேரமாகும் என்று கேட்க அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

அவள் போன பிறகு நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். ஒரு வாய் தயிருக்கு உதவி நேரத்தை விற்றுவிட்டாயே என்றேன். ஹே-ரான் பேச ஆரம்பித்தாள். அவள் சொன்னதை நான் இங்கே நேராக எழுதுகிறேன். சொல்ல அவளுக்கு ஆன நேரத்தை நீங்கள்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

"என்னால முடியாது, முடியாதுன்னு சொல்லித்தான் அக்கா என்னை அங்க இருபத்தோரு வருஷம் வெச்சிருந்தாங்க. இப்ப வெளிய இருக்கறதுக்கும் அதையேதான் நான் சொல்லணுமா?"

 அவள் சொன்னது சரி என்பதாலேயே எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. கார்டைத் தட்டாமலே அன்றைக்குக் கிளம்பி, பாதி வழியில் நினைவு வந்து திரும்பி ஓடினேன்.

நாற்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. அதுவரை தினமும் தபால் பெட்டியை இரண்டு தடவை திறந்து பார்த்தேன். அரசின் தரவரிசையில் ஒரு படி கீழே இறக்கியிருந்தார்கள். ஒரு படிதான், அரசாங்கம் தரும் எட்டு மணி நேரம் குறையவில்லை. ஆனால் நகராட்சி தன் பங்கைக் கொடுப்பது மேல்படியில் இருப்பவர்களுக்கு மட்டும் என்பதால் அந்தப் பாதி தானாகவே நின்றுபோனது. பதினாறு எட்டாகிவிட்டது. ஜூன் முதல் தேதியிலிருந்து அமல்.

யோமை மையம் வேறு வீட்டுக்கு அனுப்பியது. அவள் அழுதுகொண்டே போனாள். அவளுக்கும் பிழைப்பு இருக்கிறதே. எட்டு மணி நேரத்தை எப்படி வெட்டுவது என்று நானும் ஹே-ரானும் ஒரு தாளில் எழுதி எழுதி அடித்தோம். காலையில் எழுப்பிக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுத்தால் மாலையில் படுக்கவைக்க ஆள் வேண்டும். மாலைக்கு வைத்துக்கொண்டால் மதியம் கழிப்பறைக்கு ஆள் இல்லை. கடைசியில் எட்டிலிருந்து பன்னிரண்டு, இரண்டிலிருந்து ஆறு என்று முடிவானது. நடுவில் இரண்டு மணி நேரம் மின்சாரச் சக்கர நாற்காலியில் தனியாக இருப்பாள். மையத்து வேலை வாரத்துக்கு ஐந்து நாள் என்பது இரண்டு நாளாகச் சுருங்கியது. மதியத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள்.

ஐந்தரை மணிக்கு அவளைப் படுக்கவைப்பேன். கோடைக்காலத்தில் ஐந்தரை என்றால் நடுப்பகல் மாதிரி வெளிச்சம். கீழே விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் கத்திக்கொண்டிருப்பார்கள். திரைச்சீலையை மூடட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பாள். ஆறு மணிக்குக் கார்டைத் தட்டுவேன். மறுநாள் காலை எட்டு வரை பதினான்கு மணி நேரம், படுத்த பக்கமே படுத்திருப்பாள். வீட்டுக்குப் போய் நான் சோற்றில் ஸ்பூனை வைத்தால் அவள் இடுப்புதான் ஞாபகத்துக்கு வரும். மூக்கில் கொசு உட்கார்ந்தால் என்ன செய்வாள் என்று நினைப்பேன். கார்டு ஓடாத நேரத்தில் சும்மாவேனும் போய் இருந்துவிடலாம் என்று ஒரு வாரம் போனேன். ஹே-ரான் தடுத்துவிட்டாள். "நீங்க சும்மா வந்தா, எட்டே போதும்னு அவங்க சொன்னது நெஜமாயிடும்" என்றாள்.

மேல்முறையீடு போட்டோம். 'தாமே உணவருந்த முடியும் என்பதை விண்ணப்பதாரரே தெரிவித்துள்ளார்' என்று ஒரு வரியில் பதில் வந்தது.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் புழுக்கம் தாங்கவில்லை என்று அவள் கேட்டதால் தலைமாட்டு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் காலையில் கதவைத் திறந்தபோது தரையெல்லாம் தண்ணீர். மெத்தை ஊறிப்போய், தலைமுடி நெற்றியில் ஒட்டி, உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள். சாரல் ஏழு மணிக்கே அடிக்க ஆரம்பித்துவிட்டதாம். நான் கிளம்பி ஒரு மணி நேரத்தில். போன் அரை முழத் தூரத்தில் இருந்தது. குரலைக் கேட்டுத் தானே அழைக்கும் போன் வசதி அவள் பேச்சைப் புரிந்துகொள்ளாது. "ஜன்னலை மூட ஒரு நிமிஷம் போதும், இல்லக்கா?" என்று மட்டும் கேட்டாள். பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது.

நிமோனியா. பதினோரு நாள் ஆஸ்பத்திரி. அங்கேதான் அவள் அண்ணன் மான்-ஹோ வந்தான். மீன்பிடி வலைக்கு மிதவை செய்யும் பட்டறை வைத்திருப்பவன். கெட்டவன் இல்லை. ஒரு பெட்டி பீச் பழத்தோடு வந்து, தங்கை முகத்தைப் பார்க்காமல் என்னிடமே பேசினான்.

"நீங்களே சொல்லுங்கம்மா. அங்க இருபத்துநாலு மணி நேரமும் ஆள் இருக்கும். மழை பெஞ்சா ஜன்னலை மூடுவாங்க. எனக்கும் வயசாகுது. ஒருநாள் காலைல உங்ககிட்டேர்ந்து போன் வந்து, இப்படி ஆயிடுச்சுன்னு நீங்க சொல்றதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல."

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த ஜன்னலைத் திறந்து வைத்தவள் நான். ஹே-ரான் தூங்குகிறாள் என்று நினைத்து, நிலைமை சரியாகும்வரை கொஞ்ச நாள் அங்கே இருந்தால் என்ன என்று சொல்லிவிட்டேன். அவள் தூங்கவில்லை. அடுத்த மூன்று நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஊட்டிய கஞ்சியை வாங்கிக்கொண்டாள், கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பவே இல்லை. மூன்று நாளும் அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான் நடந்த நடைக்கு அடுத்த ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம்.

நாலாம் நாள் மேங் கி-தே வந்தார். மையத்தின் தலைவர். ஒரு காலத்தில் கூரை வேய்பவராக இருந்து, மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனவர். சக்கர நாற்காலியைக் கட்டிலில் இடிக்கிற மாதிரி கொண்டுவந்து நிறுத்துவார். மான்-ஹோ மறுபடியும் காப்பகப் பேச்சை எடுத்ததும் அவர் கேட்டார்.

"அங்க இருபத்துநாலு மணி நேரமும் ஆளுக்குச் சம்பளம் யாரு குடுக்கறாங்கன்னு நெனைக்கிறீங்க?"

"அரசாங்கம்தான்."

"அதே அரசாங்கம்தான் இங்கயும். அங்க அடைச்சு வெச்சா காசு இருக்கு. சொந்த வீட்ல இருந்தா மட்டும் காசு இல்லையா? உங்க தங்கச்சி தர்மம் கேக்கல, தம்பி. அவளுக்காகச் செலவாகிற பணம் அவ இருக்கற எடத்துக்கு வரட்டும்னு கேக்கறா."

மான்-ஹோ பீச் பழத்தை உரிக்க ஆரம்பித்தான்.  மேங் வந்தது அதற்காக அல்ல. நகர மன்றத்தின் நலக்குழு ஆகஸ்ட் கடைசியில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தப் போகிறது, நகராட்சியின் பங்கை எல்லோருக்குமே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறார்கள், ஊரில் முப்பத்தொரு பேர் அதை நம்பி இருக்கிறார்கள், பேச ஐந்து பேருக்கு ஆளுக்கு மூன்று நிமிடம் தந்திருக்கிறார்கள் என்று சொன்னார். ஹே-ரானுக்கு மூன்று நிமிடத்தில் தன் பெயரையும் விலாசத்தையும்தான் சொல்லி முடிக்க முடியும். எழுதிக் கொடுத்தால் சுன்-ரே படிக்கட்டுமே என்றார். ஹே-ரான் மூன்று நாளில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"வேண்டாம். அக்கா என்ன படிப்பாங்களோ, யாருக்குத் தெரியும்?"

அது எனக்குத் தைத்தது. தைக்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

கூட்டத்தன்று காலையில் மதியச் சாப்பாடு கட்டச் சொன்னாள். சோறு, சோயா சூப், காரத்தில் வதக்கிய டோஃபு, கிம்ச்சி. எல்லாம் தனித்தனி டப்பாவில் இருக்க வேண்டும். கூட்டம் முடிய நேரமாகும்போல என்று நினைத்துக் கட்டினேன். வெள்ளைச் சட்டை போடச் சொன்னாள். அதைத்தான் நான் முதலில் புரிந்துகொண்டிருக்க வேண்டும். தானே எடுத்துச் சாப்பிடும் நாளில், கறை தெரியும் என்று அவள் வெள்ளை போடுவதே இல்லை.

குழுவில் ஒன்பது கவுன்சிலர்கள். நடுவில் தலைவர், நரைத்த தலை, அலுத்த முகம். முதல் நான்கு பேர் பேசி முடித்தார்கள். ஹே-ரானின் முறை வரும்போது பதினொன்று முப்பத்தைந்து. நாற்காலியை ஒலிபெருக்கி மேசைக்கு முன்னால் கொண்டுபோனேன். டப்பாக்களைத் திறந்து வையுங்கள், ஸ்பூனைக் கையில் கொடுங்கள், போய் அந்தக் கடைசி நாற்காலியில் உட்காருங்கள், நான் கூப்பிடுகிறவரை எழுந்திருக்கக் கூடாது என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. யார் பார்க்கச் சாப்பிடுவதும் அவளுக்குப் பிடிக்காது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால்கூட அவர்கள் போகும்வரை பட்டினி கிடப்பாள்.

"எனக்கு மூணு நிமிஷம் பத்தாது. நான் பேசல. என்னால சாப்பிட முடியும்னு எழுதி என் நேரத்தை எடுத்துட்டாங்க. சாப்பிட்டுக் காட்டறேன்" என்றாள். இதைச் சொல்லவே மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

சபைக்குள் தண்ணீர் தவிர வேறு எதற்கும் அனுமதி இல்லை என்று ஒரு எழுத்தர் ஓடிவந்தார். மேங் பின்னாலிருந்து, "படிவத்துல அரசாங்கம் எழுதினதைத்தான் செஞ்சு காட்டறா. ஆவணம்னு வெச்சுக்கங்க" என்றார். தலைவர் கையைக் காட்டினார். எழுத்தர் பின்வாங்கினார்.

பதினொன்று நாற்பதுக்கு ஆரம்பித்தாள், முதல் வாய் சோறு உள்ளே போக ஐந்து முயற்சி ஆனது. பழக்கப்பட்ட மேசை இல்லை, உயரம் ஒத்துவரவில்லை. சூப் பாதி வழியிலேயே சட்டையில் ஊற்றியது. கிம்ச்சித் துண்டு மடியில் விழுந்து, அதை எடுக்க அவள் குனிய, ஸ்பூன் தரையில் விழுந்தது. நான் எழுந்துவிட்டேன். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். உட்கார்ந்தேன். அந்த எழுத்தர்தான் கடைசியில் குனிந்து எடுத்து, துடைத்து, அவள் கையில் வைத்தார். நான் என் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். எண்ணூறு பேருக்குப் பரிமாறின கைகள், சும்மா இருக்கத் தெரியாது.

கவுன்சிலர்கள் முதலில் அவளைப் பார்த்தார்கள், அப்புறம் தாள்களைப் பார்த்தார்கள், அப்புறம் போனைப் பார்த்தார்கள். சுவரில் கடிகாரம் இருந்தது. பன்னிரண்டு மணிக்குத் தலைவர் இருமிவிட்டு, மதிய இடைவேளை விடலாமே என்றார். ஹே-ரான் வாயில் இருந்ததை விழுங்கி முடிக்கிறவரை எல்லோரும் காத்திருக்க வேண்டியிருந்தது.

"போய்ட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."

ஏழு பேர் எழுந்துபோனார்கள். ஒரு பெண் கவுன்சிலரும் தலைவரும் மட்டும் போகவில்லை. தலைவருக்கு எழுந்துபோக வெட்கமாக இருந்தது என்று நினைக்கிறேன். போனவர்கள் எதிர்ச்சந்தில் நூடுல்ஸ் சாப்பிட்டு, காபியும் குடித்து, பல்லைக் குத்திக்கொண்டு ஒன்று இருபதுக்குத் திரும்பி வந்தார்கள். ஹே-ரான் அப்போதும் டோஃபுவில் இருந்தாள். கழுத்து நரம்பு புடைத்து, வியர்வை நாடியில் வழிந்தது. பேசிக்கொண்டே உள்ளே வந்த ஒருவர் பல்குச்சியைச் சட்டென்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஒன்று முப்பத்தாறுக்கு ஸ்பூனைக் கீழே வைத்தாள். ஒரு மணி ஐம்பத்தாறு நிமிடம். மிச்சமிருந்த பாதி சூப் ஆறி மேலே ஆடை கட்டியிருந்தது.

"சாப்பிட்டேன். முடியும்னு பாத்தீங்க. ஆனா இனிமே இன்னிக்கு என்னால எதுவும் செய்ய முடியாது, கை ஓஞ்சு போச்சு. அக்கா ஊட்டினா இருபது நிமிஷம். மிச்ச நேரத்துல நான் வேலைக்குப் போவேன். உங்க ஊருக்கு வரி கட்டறேன், உங்களுக்கு ஓட்டுப் போடறேன். முடியற எல்லாத்தையும் நானே செஞ்சுட்டு இருந்தா, நான் வாழறது எப்போ?"

 ஆன் என்ற கவுன்சிலர் கையைத் தூக்கினார். அவரைக் குறை சொல்லமாட்டேன், கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். பள்ளிக்கூரை ஒழுகுகிறது, பாலம் பாக்கி இருக்கிறது, எல்லோருக்கும் எல்லாம் கொடுக்க நகராட்சியிடம் எங்கே இருக்கிறது என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, இதற்கெல்லாம் குடும்பம் என்று ஒன்று இல்லையா, கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

"அண்ணன் இருக்கான்" என்றாள் ஹே-ரான். "உங்களுக்கு அண்ணன் இருக்காரா?"

"இருக்கார்."

"தெனமும் காலைல அவர் வந்து உங்களுக்கு ஜட்டி மாட்டிவிட்டா, நீங்க எந்த மூஞ்சியோட இங்க வந்து உக்காருவீங்க?"

பின்வரிசையில் சிரிப்பு வெடித்தது. தலைவர்கூடத் தாளால் வாயை மறைத்துக்கொண்டார். ஆன் காது வரை சிவந்தார். ஆனால் அவரும் கடைசியில் சிரித்துவிட்டார். கதவோரம் திரும்பிப் பார்த்தேன். வேலை உடுப்போடு மான்-ஹோ நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை. தங்கையின் வெள்ளைச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் வெளியே வருவதற்குள் போய்விட்டான்.

வாக்கெடுப்பு இரண்டு வாரம் கழித்து. அந்த இரண்டு வாரமும் ஐந்தரைக்குப் படுக்கவைத்து ஆறுக்குக் கார்டைத் தட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நகராட்சியின் பங்கு தப்பியது. ஆன் எதிராகத்தான் போட்டார். இனிமேல் தரம் இறங்குகிறவர்களுக்கு மேல்முறையீடு முடியும்வரை நேரத்தை நிறுத்தக் கூடாது என்று கூடவே ஒரு வரியும் சேர்ந்தது, ஏற்கெனவே இறங்கிவிட்ட ஹே-ரானுக்கு அது உதவாது. அந்த வரியை எழுதச் சொன்னது தலைவராம். மையத்தில் அன்றைக்குப் பன்றிக்கறி சுட்டுச் சாப்பிட்டோம். ஹே-ரானும் நானும் சமாதானமாகிவிட்டோமா என்று கேட்டால், ஒருவரையொருவர் மன்னித்ததாக யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கறியை இன்னும் கொஞ்சம் கருக விடுங்கள் என்று என்னிடம் சொன்னாள். அவ்வளவுதான்.

அக்டோபரில் இரண்டாவது மேல்முறையீட்டுக்காக மறுபடியும் ஆள் வந்தார். இந்த முறை ஒரு நடுவயதுக்காரர். அதே படிவம், அதே கேள்வி. சாப்பாடு நீங்களே எடுத்துச் சாப்பிட முடியுமா?  துடைக்கும் துணியைத் தேடினேன்.

"முடியும்" என்றாள் ஹே-ரான். "ஆனா செய்ய மாட்டேன்."

அவர் பேனாவால் காதோரம் சொறிந்துகொண்டார். அப்படி ஒரு கட்டம் இல்லையே என்றார். அப்படியானால் ஓரத்தில் எழுதுங்கள் என்று அவள் சொல்ல, அவர் ஓரத்தில் எழுதினார். சின்ன எழுத்தாக, வளைத்து, தாளின் விளிம்புவரை எழுதினார்.

நவம்பரில் தரம் மேல்படிக்குத் திரும்பியது, ஆனால் அதன் கீழ்ப்பாதியில்தான், அங்கே நகராட்சி ஆறு மணி நேரம்தான் தரும். நகராட்சிப் பங்கோடு சேர்த்துப் பதினான்கு. பழைய பதினாறு திரும்பவில்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்காக மேங் இன்னொரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார். அடுத்த மறுமதிப்பீடு மூன்று வருடத்தில் வரும். நான் இப்போதே நாள்காட்டியைப் பார்க்கிறேன். யோம் திரும்பி வந்துவிட்டாள். மான்-ஹோ மாதம் ஒருமுறை பழம் அனுப்புகிறான், காப்பகப் பேச்சை எடுப்பதில்லை. மையத்து வேலை மறுபடியும் ஐந்து நாள்.

பழைய பதினாறில் எந்த இரண்டு மணி நேரத்தைக் காலியாக விடுவது என்று முதலில் சண்டை போட்டோம். மதியம் மூன்றிலிருந்து ஐந்து என்று அவளே முடிவு செய்தாள். மையத்தில் ஆட்கள் இருப்பார்கள், பயமில்லை என்றாள். மூன்று மணிக்கு நான் கார்டைத் தட்டிவிட்டு வெளியே வருவேன். வீட்டுக்குப் போக மனம் வராது. ஆற்றங்கரையில் பாலம் வரை நடப்பேன், திரும்புவேன், மையத்து ஜன்னல் தெரியும் இடத்தில் நின்று பார்ப்பேன், மறுபடி நடப்பேன். ஐந்து மணிக்கு யோம் வந்து தட்டுகிற சத்தம் என் காதில் விழாது, ஆனாலும் அந்த நேரத்தில்தான் எனக்கு மூச்சு நேராக வரும்.

போன வாரம் மேங்கிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். மூன்றிலிருந்து ஐந்து வரை ஹே-ரான் மையத்திலேயே இருப்பதில்லையாம். நாற்காலியை ஓட்டிக்கொண்டு எங்கேயோ போகிறாளாம். எங்கே என்று அவருக்கும் தெரியாதாம்.  மறுநாள் காலையில் அவளுக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே, அந்த இரண்டு மணி நேரமும் எங்கே போகிறாய் என்று அவளிடம் கேட்டேன்.

கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். நிதானமாக வாயைக் கூட்டினாள்.

"அது உங்களுக்கு எதுக்குக்கா?" என்றாள்.